எல்க் வேட்டைக்குக் கடைத் துப்பாக்கி: எதை மாற்றலாம், எதைத் தொட வேண்டாம்

கொலராடோவின் மேற்குச் சரிவில் ஒவ்வோர் அக்டோபரும் எல்க் மான் வேட்டைக்குப் போகிறேன். இங்கே குடியேறிய தமிழ் நண்பர்கள் சிலரும் இப்போது வேட்டை உரிமம் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடையில் அறுநூறு, எழுநூறு டாலருக்கு, ஒவ்வொரு முறையும் போல்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு "இதுல என்னென்ன மாத்தணும்?" என்று கேட்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எல்க்னா நம்ம ஊர் கடமான்தானே?

இல்லை. இந்தக் குழப்பத்தை விட்டுப்போனவர்கள் ஆங்கிலேயர்கள். இலங்கைத் தமிழர் மரை என்றும் நாம் கடமான், மிளா என்றும் சொல்லும் மானை, இலங்கையில் இருந்த வெள்ளைக்காரர்கள் 'எல்க்' என்றே அழைத்தார்கள். ஐரோப்பாவில் அதே சொல் மூஸ் என்னும் இன்னொரு பெரிய மானைக் குறிக்கும். வட அமெரிக்க எல்க் இந்த இரண்டிலும் சேராத தனி இனம். ஷாவ்னி பழங்குடியினர் அதற்கு வைத்த பெயர் வாப்பிட்டி. பின்புறம் வெளுத்தது என்று பொருள்.

வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். பிணை மான் 225 கிலோ அளவில் இருக்கும். தோள் எலும்பு தடிமன். இரண்டு நுரையீரலும் துளைபட்ட பிறகும் நூறு கஜம் ஓடி அடர்ந்த மரக்கூட்டத்துக்குள் போய்விழும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை: குண்டு சரியான இடத்தில் படவேண்டும், ஆழமாக இறங்கவேண்டும், அதுவும் முதல் குண்டிலேயே. அடிபட்ட மான் தப்பிப் போய் இரண்டு நாள் கழித்துச் சாவதைவிடக் கொடுமையான ஒன்று இந்த வேட்டையில் கிடையாது.

நான் எச்-1பி விசாவில் இருக்கேன். துப்பாக்கி வாங்கலாமா?

பாகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். நண்பனின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் வாங்கிச் சுடுவதும் 'வைத்திருப்பது' என்றே கொள்ளப்படலாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஒரு தவறு விசாவையே காவு வாங்கிவிடும்.

கொலராடோவில் உரிமம் எடுக்க, 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பை மனம் வைத்துக் கேளுங்கள்.

கடையில் வாங்கினபடியே போனா ஆகாதா?

பெரும்பாலும் ஆகும். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் 110, டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500 போன்ற இன்றைய ரைஃபிள்கள் தங்களுக்கு ஒத்துவரும் தோட்டாவோடு 100 கஜத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் குண்டுகளைச் சேர்க்கும். ஒன்றரை அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம். 300 கஜத்தில் அது நாலரை அங்குலம். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஓர் அடிக்குக் குறையாத அகலம். ஆக, குறை பேரலில் (துப்பாக்கிக் குழலில்) இல்லை. விலையைக் குறைக்க நிறுவனங்கள் கைவைக்கும் இடங்கள் வேறு: கனத்த டிரிக்கர், பேரலைத் தாங்கும் கட்டையான ஸ்டாக் வளையும் பிளாஸ்டிக்கில், தோளில் படும் முனையில் கெட்டியான ரப்பர், பெட்டியோடு வரும் மலிவு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி).

எதையும் மாற்றும் முன் இரண்டு பெட்டித் தோட்டாவைச் சுட்டுத் தீருங்கள். எது உங்களைத் தடுக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

முதல் ஐந்நூறு டாலரை எதில் போடுவது?

ஸ்கோப்பில். அதைவிட முக்கியமாக, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் பேஸிலும் வளையங்களிலும்.

கொலராடோவில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்பு வரை சுடலாம். எல்க் புல்வெளிக்கு வருவதும் அந்த இரண்டு அரைமணிகளில்தான். மலிவுக் கண்ணாடியில் அந்த நேரத்தில் மான் வெறும் பழுப்புத் திட்டாகத் தெரியும். கொம்பு எது, கிளை எது என்று பிரியாது. நல்ல கண்ணாடி பத்து நிமிடம் கூடுதலாகத் தரும். 3-9 அல்லது 2.5-10 பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி, இவை போதும். பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். மரங்களுக்கிடையே அறுபது கஜத்தில் மான் எழுந்து நின்றால் ஸ்கோப்பில் வெறும் ரோமம்தான் தெரியும். கூடுதல் மருந்தோடு பலமாக உதைக்கும் மேக்னம் தோட்டா என்றால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் உதைப்பில் புருவம் கிழியும்.

இனி வளையங்கள். என் மூன்றாவது சீசனில் நடந்ததைச் சொல்கிறேன். 220 கஜத்தில் ஒரு பிணை, பக்கவாட்டில், அசையாமல் நின்றது. பையின்மேல் துப்பாக்கியை வைத்து நிதானமாகச் சுட்டேன். மான் துள்ளிக் காட்டுக்குள் போனது. பனியில் ஒரு துளி ரத்தம் இல்லை. இருந்தாலும் இரண்டு மணி நேரம் தடம் பார்த்து நடந்தேன். அடிபட்டிருக்குமோ என்ற அந்த எண்ணம் நெஞ்சைப் பிசைந்தது. முகாமுக்குத் திரும்பி ஸ்கோப்பைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது. பேஸின் பின் ஸ்க்ரூக்கள் இரண்டும் தளர்ந்திருந்தன. அவற்றை முடுக்கியவன் நான்தான், கை பதத்துக்கு முடுக்கியிருந்தேன்.

அன்றிலிருந்து வழி ஒன்றுதான். ஸ்க்ரூவையும் துளையையும் ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய் போக்குவேன். பேஸ் ஸ்க்ரூக்களுக்கு ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை ஒரு துளி. அளவு காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால், தயாரிப்பாளர் சொன்ன எண்ணுக்கு முடுக்குவேன். வளையங்களுக்கு அது பெரும்பாலும் 15 முதல் 18 அங்குல-பவுண்டு. அதைத் தாண்டினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். இந்த ஸ்க்ரூடிரைவர் ஐம்பது, அறுபது டாலர். இந்தப் பக்கத்தில் சொல்லும் எல்லாப் பொருளிலும் மிகச் சிறந்த முதலீடு இதுவே.

ஐந்நூறில் மிச்சம் இருந்தால் பைனாகுலருக்கு வையுங்கள். ஸ்கோப்பால் காட்டைத் துழாவாதீர்கள். அந்தப் புதருக்குப் பின்னால் இருப்பது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கலாம். அவர்மேல் துப்பாக்கியை நீட்டியிருப்பீர்கள்.

டிரிக்கரை மாற்றுவது அவசியமா?

முதலில் அளந்து பாருங்கள். சிறு தராசு ஒன்று இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும். இழுப்பு ஐந்து, ஆறு பவுண்டு இருந்தால் மாற்றம் தேவை. எட்டு பவுண்டு எடையுள்ள துப்பாக்கியில் ஆறு பவுண்டு விசையால் விரலை இழுத்தால் துப்பாக்கியே நகரும். ஆனால் பல புது ரைஃபிள்களில் டிரிக்கரை நாமே இலகுவாக்கிக்கொள்ளலாம். சாவேஜ் 2000-களின் தொடக்கத்தில் அக்யூடிரிக்கரைக் கொண்டுவந்தபின் மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. டிக்காவில் சுமார் 2 முதல் 4 பவுண்டு வரை ஒரு ஸ்க்ரூவில் மாற்றலாம். காசு செலவில்லாத மேம்பாடு இது. கையேட்டைப் படித்தாலே போதும்.

அப்படி வழியில்லாத துப்பாக்கி என்றால் டிம்னி, டிரிக்கர்டெக் இரண்டும் நல்லவை. இருநூறு டாலர் சுற்றி ஆகும்.

எல்க் வேட்டைக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை பவுண்டு சரி. சுடுதளத்தில் ஒன்றரை பவுண்டு இனிமையாக இருக்கும், உண்மை. ஆனால் நவம்பரில் பத்தாயிரம் அடி உயரத்தில் விரல் மரத்துப்போய், கையுறை போட்டு, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்துக்கொண்டு நிற்பீர்கள். விரல் தொட்டதே தெரியாமல் வெடித்துவிடும்.

மாற்றியபின் வெற்றுத் துப்பாக்கியில் மூன்று சோதனைகள் கட்டாயம். தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். போல்டைப் பத்து முறை வேகமாக அடித்து மூடுங்கள். சேஃப்டியைப் போட்டு டிரிக்கரை இழுத்து விட்டு, பிறகு சேஃப்டியை விடுவியுங்கள். அடிக்கட்டையைத் தரைவிரிப்பில் இடியுங்கள். இவற்றில் எதிலாவது, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி விழுந்தால் அந்தத் துப்பாக்கியைத் தோட்டா போடாமல் நேரே துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிக்கர் கொண்ட ரெமிங்டன் 700, மாடல் செவன் ரைஃபிள்களை அந்த நிறுவனம் 2014-ல் திரும்ப அழைத்தது. டிரிக்கரைத் தொடாமலே வெடிக்கக்கூடும் என்பதுதான் காரணம். இரண்டாம் கையாக 700 வாங்கினால் அந்தத் திருத்த வேலை முடிந்ததா என்று பாருங்கள். முடிந்ததற்குச் சான்று இல்லையென்றால் டிரிக்கரை மாற்றிவிடுங்கள். அங்கே தயங்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் ஸ்டாக்கைத் தூக்கி எறியணுமா?

ஒரு தாளை எடுங்கள். பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து, முன்முனையிலிருந்து பின்னால், போல்ட் ஓடும் உலோகப் பகுதியான ஆக்‌ஷன் வரை இழுங்கள். தடங்கலின்றிப் போனால் பேரல் எதிலும் படாமல் நிற்கிறது. இப்போது ஸ்டாக்கின் முன்பகுதியைப் பேரலை நோக்கி அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். தாள் சிக்கினால் அதுதான் உங்கள் சிக்கல். மேசைமேல் ஒரு மாதிரியும், இருகால் தாங்கியான பைபாடில் ஒரு மாதிரியும், தோள்வாரை இறுக்கிக்கொண்டு சுடும்போது வேறு மாதிரியும் குண்டு போகும். பேரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

மலிவான தீர்வு ஒன்று உண்டு. ஸ்டாக்கின் முன்பகுதிக்குள் இருக்கும் குழிகளில் பழைய கார்பன் அம்பின் துண்டுகளைப் பதித்து எபாக்சி ஊற்றி நிரப்புங்கள். காய்ந்தபின் பேரல் படும் இடங்களை உப்புத்தாளால் தேயுங்கள். கைவேலை பிடித்தவர்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. நாற்பது டாலருக்குள் முடியும், நாலைந்து அவுன்ஸ் எடை கூடும்.

அடுத்தது பெடிங். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில், முக்கியமாக உதைப்பைத் தாங்கும் ரீகாயில் லக்கைச் சுற்றி, எபாக்சி வைத்து அச்சுப்போல் வார்ப்பது. ஒவ்வொரு வெடிப்புக்குப் பின்னும் ஆக்‌ஷன் அதே இடத்தில் வந்து உட்காரும். பட்டறையில் கொடுத்தால் இருநூறு டாலர் அளவில் கேட்பார்கள். மர ஸ்டாக் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. மரம் ஈரம் குடித்து உப்பும், உலர்ந்து சுருங்கும். ஹூஸ்டன் வீட்டில் ஒரு நிலை, ராக்கி மலையின் வறண்ட காற்றில் வேறு நிலை. அப்பா கொடுத்தது, மாமனார் கொடுத்தது என்று பாசத்தோடு மர ஸ்டாக் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் நிறையப் பேர். அதை மாற்றச் சொல்ல எனக்கும் மனம் வராது. பெடிங் செய்யுங்கள், உட்புறத்தில் விட்டுப்போன இடங்களுக்கும் வார்னிஷ் பூசுங்கள்.

பெல் அண்ட் கார்ல்சன், மெக்மில்லன் போன்ற நல்ல ஃபைபர் ஸ்டாக்குகள் அருமையானவை. ஆனால் அவற்றின் விலை துப்பாக்கி விலையின் பாதியைத் தொடும், சில வேளை தாண்டும். ஸ்டாக்கின் நீளம் உங்கள் தோளுக்குப் பொருந்தவில்லை என்றால் மட்டும் அங்கே போங்கள். நம்மவர்களில் உயரம் குறைந்தவர்களுக்கு இது உண்மையான பிரச்சினை: கடைத் துப்பாக்கி பெரும்பாலும் ஆறடி ஆளுக்கு அளவெடுத்தது. கனத்த குளிர்ச்சட்டை போட்டபின் இன்னும் நீளமாகும், கண் ஸ்கோப்பின் நடுவில் வந்து நிற்காது. சில மாடல்களில் இடைத்தகடு எடுத்து நீளத்தைக் குறைக்கலாம். மர ஸ்டாக் என்றால் அரை அங்குலம் அறுக்கச் சொல்லலாம்.

உதைப்பு தாங்கலை. மசில் பிரேக் போடலாமா?

எட்டு பவுண்டுத் துப்பாக்கியில் 30-06 என்ற தோட்டாவின் உதைப்பு சுமார் 20 அடி-பவுண்டு. 300 வின்செஸ்டர் மேக்னம் அதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூட உதைக்கும். அதற்குப் பயந்து டிரிக்கரை வெடுக்கென்று இழுப்பவர் எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் மான் தப்பும்.

முதல் வேலை ரப்பர். பேக்மையர் டிசெலரேட்டர், லிம்ப்சேவர் இரண்டும் ஐம்பது டாலருக்குள். தோள்பட்டைக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

பேரல் வாயில் பொருத்தும் துளையிட்ட குழாயான மசில் பிரேக் உதைப்பைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பி, சத்தத்தைச் சுடுபவர் பக்கமும் அருகில் இருப்பவர் பக்கமும் அனுப்பும். ரைஃபிள் சத்தமே 160 டெசிபல் அளவு. 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில் காது கெடலாம். மான் நிற்கும் அந்த நொடியில் காதடைப்பான் போட எவருக்கும் நினைவு வராது. கூட வரும் வழிகாட்டியும் நண்பரும் காதைப் பறிகொடுக்கும் ஒன்றை என் துப்பாக்கியில் நான் வைக்கமாட்டேன்.

சத்தத்தை அடக்கும் குழாயான சப்ரஸர் நல்ல வழி. சத்தம் இருபது, முப்பது டெசிபல் குறையும், உதைப்பும் குறையும். 42 மாநிலங்களில் வைத்துக்கொள்ளலாம். கொலராடோ, வயோமிங், மொன்டானா, ஐடஹோவில் வேட்டைக்கும் பயன்படுத்தலாம். கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி நண்பர்களுக்கு இல்லை. 1934 முதல் இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாகிவிட்டது. பதிவும் கைரேகையும் அப்படியே இருக்கின்றன. துப்பாக்கி நீளம் ஆறேழு அங்குலம் கூடும் என்பதால் 24 அங்குலப் பேரலோடு சேர்த்தால் மரங்களுக்குள் நடக்கச் சிரமம்.

இன்னும் பெரிய காலிபருக்கு மாறணுமா?

வேண்டாம். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது 24 காலிபர் (0.24 அங்குல விட்டம்), 85 கிரெய்ன் (சுமார் ஐந்தரை கிராம்) எடையுள்ள விரியும் குண்டு, 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல். 270, 308, 30-06, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் எல்லாம் இதைத் தாராளமாகத் தாண்டும். 1906-இல் வந்த 30-06 இன்றும் எல்க்கை வீழ்த்துகிறது. உங்களிடம் இருப்பதையே நன்றாகச் சுடப் பழகுங்கள்.

அப்போ தோட்டா?

எல்லோரும் கடைசியாக யோசிப்பது, முதலில் யோசிக்க வேண்டியது. பெட்டிக்கு முப்பது டாலர் மிச்சம் பிடிக்க மெல்லிய குண்டு வாங்கினால் எல்க்கின் தோளில் பட்டுச் சிதறும், நுரையீரலை எட்டாது.

1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவருக்கு நடந்தது இதுதான். மூஸின்மேல் பட்ட குண்டுகள் மேலோடே உடைந்துபோயின. ஊர் திரும்பி, நடுவில் செம்புச் சுவர் வைத்த குண்டு ஒன்றைத் தாமே செய்தார்: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். 1948-இல் விற்பனைக்கு வந்த அந்த நாஸ்லர் பார்ட்டிஷன் இன்றும் எல்க் வேட்டைக்காரர்களின் நம்பிக்கை. ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டில் பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் நல்லது. நான் அதற்கு மாறியதன் காரணம் என் பிள்ளைகள்: ஈயத் துகள் கறியில் கலந்து குழந்தைகள் தட்டுக்கு வருவதை நான் விரும்பவில்லை. வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடல் குவியலைத் தின்னும் கழுகுகளுக்கும் நல்லது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது.

உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்று கடையில் யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வகை வாங்கிச் சுடுங்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் இருநூறு டாலர், புதுப் பேரல் மாற்றுவதைவிடத் துல்லியத்தைக் கூட்டும்.

எடையைக் குறைக்கணுமா?

ஸ்கோப், வார், நாலு தோட்டா எல்லாம் சேர்த்து எட்டு பவுண்டுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைவிட இலேசானது ஏற்றத்தில் சுகம், சுடும்போது துன்பம்; மூச்சு வாங்கும் நெஞ்சோடு சேர்ந்து அதுவும் ஆடும். பத்து பவுண்டு என்றால் ஸ்கோப்பின் பருமனைப் பாருங்கள், கனம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எடையைவிட அதைத் தூக்கும் விதம் முக்கியம். வழுக்காத, அகலமான நல்ல வார் ஒன்று வாங்குங்கள். ஒரு நாளில் பத்து மணி நேரம் துப்பாக்கி சுடுகருவியாக இருப்பதில்லை, சுமையாகத்தான் இருக்கிறது.

பனிக்கும் குளிருக்கும் என்ன செய்யணும்?

போல்டைப் பிரித்து உள்ளே இருக்கும் தொழிற்சாலை கிரீஸைக் கழுவி எடுங்கள். உறைகுளிரில் அது கெட்டியாகி ஊசியின் வேகத்தைக் குறைக்கும். 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும், தோட்டா வெடிக்காது. உலர்ந்த உயவுப்பொருளோ மெல்லிய எண்ணெய்ப் படலமோ போதும். பேரல் வாயில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டுங்கள். பனியும் மண்ணும் நுழையாது, குண்டு அதைக் கிழித்துக்கொண்டு போகும், குறி மாறாது. கூடாரத்துக்குள் சூடான இடத்தில் துப்பாக்கியை வைக்காதீர்கள், வியர்த்து மறுபடி உறையும்.

செராகோட் பூச்சு துருவைத் தடுக்கும். துருப்பிடிக்காத எஃகுத் துப்பாக்கி என்றால் தேவையில்லை.

எதையெல்லாம் தொட வேண்டாம்?

நன்றாகச் சுடும் பேரலை மாற்ற வேண்டாம். போல்டில் பள்ளம் வெட்டும் அலங்காரம், ஆயிரம் கஜச் சுடுதலுக்கான சாய்வு பேஸ், பத்துத் தோட்டா மேகசின், இவை எதுவும் வாங்க வேண்டாம்.

எல்லாம் மாற்றியாச்சு. அடுத்து?

குறிவைத்த இடத்திலேயே 200 கஜத்தில் குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். 30-06-இல் அப்போது 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும், 300-இல் எட்டு ஒன்பது அங்குலம் கீழே, 400-இல் இரண்டு அடி கீழே. இந்த எண்களை ஸ்டாக்கில் ஒட்டி வையுங்கள். பிறகு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். உட்கார்ந்து, மண்டியிட்டு, மரத்தில் சாய்ந்து, ஊன்றுகோலில் வைத்துச் சுடுங்கள். சுடும் முன் ஐம்பது அடி ஓடிவிட்டு வந்து சுடுங்கள். காகிதத் தட்டு ஒன்றில் ஐந்துக்கு ஐந்து விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. எனக்கு அது 300 கஜம். அதற்கப்பால் நிற்கும் மானை நான் சுடுவதில்லை, கிட்டே போகப் பார்ப்பேன்.

மலைக்கு வந்து சேர்ந்ததும், சீசன் தொடங்கும் முந்தின நாள் மதியம், குளிர்ந்த பேரலில் இரண்டே இரண்டு குண்டு சுட்டுப் பாருங்கள். விமானமும் ஜீப்பும் ஆட்டிய ஆட்டத்தில் ஸ்கோப் நகர்ந்திருக்கலாம். டார்க் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.